நாக்குக்கு மட்டும் இனித்த தேநீர்

ரப்பர் ஆலையின் வாடை காருக்குள் வந்துவிட்டால் என் அண்ணனுக்கு டீ குடித்தாக வேண்டும். தம்பின் ஊர்ப் பக்கம் கல்யாணத்துக்கோ சாவுக்கோ போகும்போதெல்லாம் இது நடக்கும். உறைந்த ரப்பர்க் கட்டிப்பால் ஏற்றிய லோரி ஒன்று எங்களைக் கடந்து போகும். புளித்த சோறும் அழுகிய முட்டையும் கலந்தது போன்ற அந்த நாற்றத்துக்கு நாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வோம். அண்ணன் மட்டும் எச்சிலை விழுங்கிவிட்டு, "தம்பி, முன்னால ஒட்டுக்கடை எதுனா இருந்தா ஓரங்கட்டு லா" என்பார்.

நாங்கள் புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்கள். அப்போது அது ரப்பர் தோட்டம். இப்போது முழுக்க எண்ணெய்க்கான செம்பனை. அண்ணனுக்குப் பிற்பகல் பள்ளி என்பதால் காலையில் அம்மாவோடு ரப்பர் மர நிரைக்குப் போவார். முந்தின நாள் மரத்து மங்குக் கிண்ணத்திலேயே உறைந்து கிடக்கும் கட்டிப்பாலைப் பிடுங்கி வாளியில் போடுவது அவர் வேலை. வெறும் வயிற்றோடு போவார். மரப்பட்டையெல்லாம் வெட்டி முடித்து, பால் வடியக் காத்திருக்கும் நேரத்தில்தான் அம்மா துணி சுற்றிய பாட்டிலைத் திறப்பார். டின் பாலும் சீனியும் போட்டுக் கூழாக வந்த டீ. கையில் கட்டிப்பாலின் நாற்றம், வயிற்றில் பசி, தொண்டையில் அந்த இனிப்பு. மூன்றும் அவருக்கு ஒரே நேரத்தில் கிடைத்தவை. குடித்துவிட்டால் கை நடுக்கம் நின்று, அடுத்த நிரைக்கு ஓடுவாராம். அம்மாவே சொல்லியிருக்கிறார்.

எனக்குக் காலைப் பள்ளி. அதே டீயை நான் வீட்டில் ரொட்டியோடு உட்கார்ந்து குடித்தேன். இன்று நான் சீனி இல்லாமல் டீ குடிக்கிறேன், சிரமமே இல்லை. அண்ணனால் கடைசிவரை முடியவில்லை. இந்த வித்தியாசத்துக்கு அந்தக் காலைப் பசிதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நான் அப்படித்தான் நம்புகிறேன்.

இதைப் பற்றிப் பிற்பாடு நிறைய வாசித்தேன். நாக்கு சொல்வது பாதிக் கதைதான். சிறுகுடலின் உட்சுவரில், வந்திருப்பது சீனியா வேறு ஏதாவதா என்று பிரித்தறியும் உயிரணுக்கள் இருக்கின்றன. சீனி வந்துவிட்டால் அவை நரம்பு வழியாக மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. அந்தச் சேதி வந்து சேரும்போது நாக்கில் என்ன சுவை இருந்தது, மூக்கில் என்ன வாடை இருந்தது, எந்த இடம், யார் கை என்று எல்லாவற்றையும் மூளை சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அந்த வாடை வந்தாலே போதும், ஆள் தேடத் தொடங்கிவிடுவான். இனிப்புச் சுவையே தெரியாதபடி பிறந்த எலிகள்கூடச் சில தடவை குடித்துப் பார்த்த பிறகு, தண்ணீரை விட்டுவிட்டுச் சீனித் தண்ணீரையே நாடுமாம். அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்தது குடல்.

இதெல்லாம் உனக்கு முன்பே தெரியாதா என்று சிலர் கேட்பதுண்டு. தெரியாது. அண்ணனுக்கு நேர்ந்த பிறகுதான் தேடிப் படித்தேன்.

அண்ணனைப் போலவே எங்கள் அப்பாவுக்கும் இனிப்பு நீர், சர்க்கரை நோய். நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது சிரம்பான் மருத்துவமனையில் அவருடைய வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். அது ஆடி மாதம். தீபாவளிக்கு அவர் இல்லை. அண்ணி அப்போதுதான் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வெட்டிய இடத்தைக் கழுவிக் கட்டுப் போட்டது அவர்தான். பெற்ற பிள்ளைகள் நாங்கள் அறைக்குள் போகவே தயங்கினோம். லயத்தில் அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு பேருக்குக் கால் போனது. அவர்களும் நெடுநாள் இருக்கவில்லை. "கால எடுத்தா ஆளு தங்காது" என்பது அண்ணிக்குப் படிப்பில் வந்த முடிவல்ல, கையால் கழுவிக் கண்டுகொண்ட முடிவு.

அண்ணன் செம்பனைக் குலை வெட்டுகிறவராக இருந்தார். பெருந்தொற்று ஓய்ந்த மறு வருடம், குலையைத் தூக்கிப் போடும்போது முள் ஒன்று பூட்ஸைத் துளைத்து இடது காலில் ஏறிவிட்டது. அவருக்கு வலி தெரியவில்லை. சாயங்காலம் பூட்ஸைக் கழற்றி, உள்ளே ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. விரலை எடுத்தார்கள். தோட்டத்தில் அவருக்கு வாசல் காவல் வேலை போட்டுக் கொடுத்தார்கள். விரல் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புண் ஒன்று ஆறாமல் நின்றது. சிரம்பான் மருத்துவமனையில் டாக்டர் தெளிவாகச் சொன்னார்: அடுத்த சந்திப்புக்குள் ரத்தத்தில் சீனி குறைந்து புண் மூட ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் முட்டிக்குக் கீழே எடுப்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

அன்று காரை ஓட்டியது நான். அண்ணன் பின்னால் தூங்கிவிட்டார். லுக்குட் ஊரைத் தாண்டினோம். அண்ணி கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார், "அந்தக் கால நான் குடுக்க மாட்டேன் தம்பி."

மறுநாளே அவர் லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் பக்கத்தில் யார் அடுப்படிக்குள்ளும் யாரும் போகலாம். ஒருவர் வாசலில் நின்றாலே டீ வந்துவிடும். குடிக்காமல் போனால் அந்த வீட்டுக்காரிக்கு மனத்தாங்கல். அதனால் அண்ணன் காவல் முடிந்து வரும் வழியில் ஐந்தாறு வீட்டில் டீ குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்கு வருவார். அண்ணி எல்லாரிடமும் ஒரே சொல்லைச் சொன்னார்: என் தாலி உங்க கையில. அதற்கு மேல் யாரும் அவருக்கு டீ கொடுக்கவில்லை. சாலைச் சந்திப்பில் இருக்கும் ஒட்டுக்கடைக்கும் போனார். அப்போது நானும் கூட இருந்தேன்.

"அக்கா, காசு குடுத்துக் கேக்குறாரு. நான் எப்படி இல்லேன்னு சொல்றது?" என்றார் கடைக்காரர்.

"சீனியில்லாம கோசோங் போட்டுக் குடு. கேட்டா சீனி முடிஞ்சிச்சின்னு சொல்லு."

"டீக்கடையில சீனி முடிஞ்சிச்சின்னு பேரு எடுத்தா நாளைக்கு எவன் வருவான்? கடைய மூடிட்டு ஒங்க ஊட்டுக்குத்தான் சாப்பிட வரணும்."

"வா. சோறு போடுறேன். ஆனா அவருக்குச் சீனி போட்ட, இந்த மேசைய ஒடச்சிருவேன்."

கடைக்காரர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்துக் கடைக்காரரும் நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் என்னிடம் புலம்பினார். "மனுசன் சூதாட்டத்துக்கு ஒளிஞ்சி போவான், தண்ணியடிக்க ஒளிஞ்சி போவான். நான் ஒரு டீக்கு ஒளிஞ்சி போறேன் பாரு. அதுவும் கெடைக்கல."

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அண்ணன் காலையும் இரவும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப் போனால் ரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்கிவிடும். அப்படி முன்பு நடந்திருக்கிறது. ஒருமுறை வேர்த்து ஊற்றி, பேச்சுக் குழறி, வாசல்படியில் சரிந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் சீனியை அள்ளிப் போட்டு டீ கலந்து கொடுத்ததும் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். "அந்த டீ உள்ள எறங்கினப்ப, செத்தவன எழுப்பினாப்ல இருந்துச்சுடா" என்று என்னிடம் சொன்னார். அண்ணியும் அதைக் கண்ணால் பார்த்தவர். சீனி ஏறினால் கால் போகும், இறங்கினால் உயிர் போகும், இறங்கும்போது இனிப்புக் கொடுத்தால் திரும்பி வருவார். அண்ணிக்கு இவ்வளவும் தெரியும். இதில் தவறே இல்லை.

பிறகு ஒருநாள் அண்ணனுக்கு மருந்து வாங்கச் சிரம்பான் போனபோது, மருந்துக்கடையில் சீனிக்குப் பதிலாகப் போடும் வெள்ளைப் பொடி ஒன்றை அண்ணி பார்த்தார். "சீனி மாதிரியே இனிக்கும் ஆன்ட்டி, ரத்தத்துல ஏறாது" என்று கடைப்பெண் சொன்னாள். அவள் சொன்னதும் சரிதான். அண்ணி வீட்டுக்கு வந்து, இருந்த சீனி, டின் பால் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, சீனி போத்தலில் அந்தப் பொடியை நிரப்பினார். யாரிடமும் சொல்லவில்லை. லயத்துச் சுவர் மெல்லியது. ஒருவர் காதில் விழுந்தால் அண்ணன் காதிலும் விழும். எனக்கே இது பிற்பாடுதான் தெரியவந்தது. கதை புரிய வேண்டுமென்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் சில நாள் அண்ணனுக்கு ஒரே குஷி. "ஒங்க அண்ணிக்கு மனசு எறங்கிருச்சுடா, சீனி போடுறா" என்று போனில் சொன்னார். ஆனால் ஒரு மாதம் போகவில்லை, பேச்சு மாறியது. ஒன்றுக்கு மூன்று கப் குடித்தார். குடித்துவிட்டு, எதையோ எங்கோ வைத்துவிட்டு மறந்தவர் போல வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது கப்பைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இனிப்பு இருக்கு. ஆனா என்னமோ இல்ல."

"வயசாச்சில்ல ண்ணே. நாக்கு செத்துப்போச்சு."

"நாக்கு இனிக்குதுன்னுதாண்டா சொல்லுது. வயிறுதான் ஒத்துக்க மாட்டேங்குது."

அடுப்படியில் அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடியும் கேட்டது. அப்போது அது எனக்கு வெறும் கிழட்டுப் புகாராகத்தான் பட்டது. இன்று நினைத்தால், ஒரு மனிதனின் குடல் இதைவிடத் தெளிவாகப் பேச முடியாது என்று தோன்றுகிறது. நாக்கு சொன்ன செய்திக்குப் பின்னால் வரவேண்டிய இரண்டாவது செய்தி வரவேயில்லை. சிறுவயதில் போட்ட முடிச்சின் ஒரு நுனி அறுந்து தொங்கியது. அவர் அதைத்தான் தேடி நடந்துகொண்டிருந்தார்.

ஆனால் புண் காய்ந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். அடுத்த சந்திப்பில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் கத்திக்கு வேலையில்லை என்றார். வெளி வராந்தாவில் அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணன் சங்கடப்பட்டு, "ஏய், கால் இருக்குன்னு சொல்றாங்க, நீ எழவு ஊடு மாதிரி அழுவுற" என்றார். அன்றே அண்ணன் நேர்ந்துகொண்டார்: சித்திரையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி விரதம் இருப்பதாக.

தோட்டம் செம்பனைக்கு மாறி, பாதி லயம் இடிந்து, ஆட்கள் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் போய்விட்டாலும், சித்திரைத் திருவிழாவுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். காப்புக் கட்டியவர் கரகம் சுற்றி வந்து கோயில் சேரும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைக்கக்கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். அண்ணி இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அவருடைய கவலை முழுக்கக் காலைப் பற்றித்தான். வெறுங்காலோடு ஊர்வலம் போகக்கூடாது, கல்லில் மிதிக்கக்கூடாது, மண் படக்கூடாது. கோயில் தலைவரிடம் நேரில் போய்ப் பேசி, அண்ணன் ஊர்வலம் போக வேண்டாம், மண்டபத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும் என்று சம்மதம் வாங்கினார். காலுக்குக் கட்டின் மேல் கட்டாகப் போட்டு, அதன் மேல் புது வேட்டித் துணியைச் சுற்றினார்.

திருவிழா அன்று காலையில் அண்ணி ஊசியும் போட்டுவிட்டார். முன்பு ஒருமுறை ஊசி தவறியதற்குக் கிளினிக் நர்ஸ் மிஸி கடுமையாகத் திட்டியிருந்தாள்: என்ன ஆனாலும் ஊசியை மட்டும் விடக்கூடாது. அண்ணி அதற்குப் பிறகு ஒருநாளும் விட்டதில்லை.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. அங்கே இருந்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒத்துப் பார்த்து எழுதுகிறேன். அண்ணி அதைச் செவ்வாய்க்கிழமை என்கிறார். இல்லை, அது ஞாயிறு. வேலை நாளாக இருந்தால் அவ்வளவு கூட்டம் வந்திருக்காது.

கரகம் கிளம்புவதற்கு முன் உறுமி மேளம் உச்சத்துக்கு ஏறியது. நாற்காலியில் இருந்த அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. எழுந்து நின்று ஆடினார். வாய்க்குள் ஏதோ சொன்னார், ஒன்றும் விளங்கவில்லை. கண் நிலைகுத்தி நின்றது.

பெண்கள் குலவையிட்டார்கள். வாழ்நாள் முழுக்க அருள் வராத மனிதருக்கு அருள் வந்துவிட்டது என்று எல்லாருக்கும் மெய்சிலிர்த்தது. பூசாரி நெற்றியில் திருநீறு போட்டு வேப்பிலையைக் கையில் கொடுத்தார். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். ஒரு பெரியவர் கும்பிட்டபடி, "தாயே, இந்தக் கோயில எடம் மாத்தப் போறாங்கன்னு சொல்றாங்களே, நடக்குமா?" என்று கேட்டார். அண்ணன் அவரை ஒரு தள்ளுத் தள்ளினார். "கோவமா இருக்கா" என்று அந்தப் பெரியவர் பயந்து பின்வாங்கினார்.

"அம்மாவுக்குத் தாகமா இருக்கு, பானகம் கொண்டாங்கப்பா" என்று யாரோ சொல்ல, ஓர் ஆள் வெல்லம் கரைத்த அண்டாவில் சொம்பை முக்கி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

அந்தக் கூட்டத்தில் உண்மையைக் கண்டுகொண்டவர் அண்ணி ஒருவர்தான். "சாமி இல்ல. சாமி இல்ல இது. அவருக்குச் சீனி எறங்குது, தள்ளுங்க" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். சாமி இல்லை என்று சொன்னதற்கு இரண்டு பெண்கள் அவரைத் திட்டினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. அண்ணனின் உதட்டுக்கு வந்த பானகச் சொம்பைக் கையால் தட்டிவிட்டார். தரையில் கொட்டியது.

"வெல்லம் வேணாம். ஒரேடியா ஏறிரும். கால் போயிரும். என்கிட்ட டீ இருக்கு, அது இனிப்புதான்."

வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டு வந்திருந்தார். விரதம் முடிந்ததும் கொடுப்பதற்கு. மூடியில் ஊற்றி, முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார். நன்றாக இனித்தது. அண்ணனின் தலையைப் பிடித்து வாயில் ஊற்றினார். பாதி உள்ளே போனது, பாதி மார்பில் வழிந்தது. இன்னொரு மூடி. அதையும் விழுங்கினார். சற்று நேரத்தில் ஆட்டம் அடங்கியது. கண் சொருகி, அண்ணியின் தோளில் சாய்ந்தார்.

"பாத்தீங்களா" என்றார் அண்ணி, சுற்றி நின்றவர்களிடம். "இனிப்பு உள்ள போச்சு, அடங்கிருச்சு."

"சாமி மலையேறிருச்சு" என்றார்கள் அவர்கள்.

இரண்டு கட்சிக்கும் அவர் அடங்கியது நிம்மதி. பாத்திரங்கள் வைக்கும் பக்கத்து அறையில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். அருள் வந்தவர் பிறகு அசந்து தூங்குவது வழக்கம்தான், எழுப்பக்கூடாது என்பார்கள். அண்ணி கால்மாட்டில் உட்கார்ந்து, கட்டின் மேல் மண் ஏதும் பட்டிருக்கிறதா என்று துணியைப் பிரித்துப் பார்த்தார். மஞ்சள் தண்ணீர் பட்ட இடத்தை மாற்றிக் கட்டினார். கரகம் வெளியே போயிற்று. மேளமும் அதோடு போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. ஊர்வலத்துக்காகப் பாதையை அடைத்திருந்ததால் காரைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்தேன். அறைக்குள் நுழைந்ததும் அண்ணனின் குறட்டைதான் முதலில் கேட்டது. அது தூக்கத்தில் வரும் குறட்டை இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும்போல இருந்தது; உடம்பு சில்லிட்டிருந்தது.

"அண்ணி, எவ்வளவு நேரமா இப்படி இருக்காரு?"

"கரகம் கெளம்பறதுக்கு முன்னால இருந்து. சீனி எறங்கிச்சு தம்பி. நான் டீ குடுத்துட்டேன். இப்பத் தூங்குறாரு."

"சாப்பிட்டாரா?"

"வெரதம்."

"ஊசி?"

"போட்டேனே."

பிளாஸ்க் மூடியில் மீதி டீ இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பு. அதற்குப் பின்னால் லேசான கசப்பு.

"இதுல என்ன சீனி அண்ணி?"

அவர் பிளாஸ்கைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு மருந்துக்கடைப் பொடியைப் பற்றிச் சொன்னார். திருட்டைக் கண்டுபிடித்தவனிடம் சொல்வது போல் மெதுவாகச் சொன்னார். அதை மறைத்ததுதான் தவறு என்று நினைத்தார் போலும். நான் மூடியைப் போட்டுவிட்டு அண்ணனின் வாயைத் திறக்கப் பார்த்ததைக் கண்டு அவர் முகம் மாற ஆரம்பித்தது.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண், "பானகம் இருந்திச்சே" என்றாள்.

அண்ணனின் பல் கிட்டிப்போயிருந்தது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு சாலைவரை ஓடினோம். போர்ட்டிக்சன் மருத்துவமனையில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இயந்திரத்தில் எண் ஏறியது. அண்ணன் ஏறி வரவில்லை. அங்கிருந்து சிரம்பானுக்கு அனுப்பினார்கள்.

மூளைக்கு அன்றாடம் வேண்டியது சீனிதான், அதை அது சேமித்து வைத்துக்கொள்ளாது, நெடுநேரம் பட்டினி போட்டால் சில பகுதிகள் திரும்பி வராது என்று இளம் டாக்டர் ஒருவர் மலாயில் விளக்கினார். நான் அண்ணிக்குத் தமிழில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, "இனிப்புதானே தம்பி? நாக்குல வச்சிப் பாத்துட்டுத்தானே குடுத்தேன்" என்றார்.

"ஆமா அண்ணி. இனிப்புதான்."



அண்ணன் வீட்டுக்கு வந்தார். கண் திறந்திருக்கும், ஆளைப் பார்க்காது. பேச்சில்லை. விழுங்க முடியாததால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். இனிப்பு நீர்க்காரர்களுக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்து அதில் ஊற்ற வேண்டும். இரண்டு கையும் எப்போதும் இறுகப் பொத்தியபடியே இருக்கும். நகம் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகாமல் இருக்க அண்ணி துணி உருண்டை வைத்துவிடுவார். பகலெல்லாம் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்துகொண்டே இருக்கும். கால் மட்டும் நன்றாக இருந்தது. புண் முழுக்க மூடி, புதுத் தோல் இளஞ்சிவப்பாக மின்னியது. கட்டு மாற்ற வந்த மிஸி படம் எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வருடத்து நோன்புப் பெருநாள் விடுமுறையில் சிரம்பான் கடைகள் மூடியிருந்ததால் அந்தப் பால்மா தீர்ந்துபோயிற்று. அண்ணி சாதாரணப் பால்மாவைக் கரைத்தார். வெறும் பாலாக இருக்கிறதே என்று, யோசிக்காமல், பொடியைக் கொட்டிவிட்டு மறுபடி சீனி நிரப்பியிருந்த போத்தலிலிருந்து சீனியும் போட்டார். பழைய பழக்கம். ஊற்றி முடித்துக் கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. துணி உருண்டை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அடுத்த முறை நான் போனபோது எனக்குக் காட்டினார். முதலில் மருந்துப் பால். கை பொத்தியபடியே இருந்தது. மறுவேளை சீனிப் பால். விரல்கள் தளர்ந்தன.

"நாக்குல ஒரு சொட்டுப் படல தம்பி. நேரா வயித்துக்குப் போவுது. அப்புறம் எப்படி?"

நான் வாசித்ததையெல்லாம் அன்றுதான் அவரிடம் சொன்னேன். குடல் தானாகவே சீனியை அறியும் என்பதை. பொடியால் அதை ஏமாற்ற முடியாது என்பதை. பொடியைப் பற்றிச் சொன்ன இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் கடைசிவரை கேட்டார்.

"அப்ப அவருக்குத் தெரியுது."

"தெரியுதுன்னு உறுதியா சொல்ல முடியாது அண்ணி. வயிறு நெறஞ்சதாலகூட இருக்கலாம். நாம ஆசப்படறதாலகூட அப்படித் தெரியலாம்."

"கை விரியுது தம்பி" என்றார்.

அதன் பிறகு அவர் மருந்துப் பால் வாங்கவேயில்லை. மழைக்காலம் தொடங்கியபோது காலில் பழைய இடத்திலேயே கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. பிறகு அது வாய் திறந்தது. கட்டு மாற்ற வந்த மிஸி விரலில் குத்திப் பார்த்துவிட்டு, இயந்திரத்தை அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்ன குடுக்குறீங்க ஆன்ட்டி? உண்மையச் சொல்லுங்க."

"சீனி."

"தெரிஞ்சேவா குடுக்குறீங்க? நிறுத்துனா இந்தக் காலைக் காப்பாத்தலாம். இல்லாட்டி எடுக்கத்தான் சொல்வாங்க. அதோட நிக்குமான்னும் தெரியாது."

"தெரியும்மா. எங்க மாமனாருக்கு நாந்தான் கழுவிக் கட்டுனேன்."

மிஸி என்னைப் பார்த்தாள். நான் படித்தவன், அண்ணியிடம் எடுத்துச் சொல்லக்கூடியவன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் அண்ணனின் தலையணையைச் சரி செய்தேன். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மதியப் பால் நேரம். அண்ணி கரண்டியால் கலக்கி, அடியில் சீனி தங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். குழாயை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். பால் மெதுவாக இறங்கியது. வெளியே யாரோ மோட்டாரை உதைத்துக் கிளப்பினார்கள். முனகல் குறைந்து, நின்றது. அண்ணனின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அண்ணி தன் கையை அதற்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

கால் கட்டின் மேல் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. அவர் பார்க்கவில்லை. நான்தான் விரட்டினேன்.